1966 எம்ஜிபி ரோட்ஸ்டர் விற்பனைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் காரை விற்கப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்பவர்களில் பாதிப்பேர் பழைய கார்களில் கை வைத்துப் பழகியவர்கள். மீதிப்பேர் சிவப்பு நிறத்தைப் பார்த்து மயங்கியவர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். காரின் குறைகளையும் மறைக்காமல் போட்டிருக்கிறேன், படித்துவிட்டு வாருங்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், என்ன கார்? என்ன விலை?

1966இல் செய்த எம்ஜிபி. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். நான்கு சிலிண்டர், 1798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். கம்பெனி சொன்ன கணக்கில் 95 குதிரைத்திறன். டார்ட்டன் ரெட் நிறம், கறுப்பு இருக்கைகள், ஸ்போக்ஸ் வீல், ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்). இங்கிலாந்தில் ரெடிங்கில் என் வீட்டு கராஜில் நிற்கிறது. விலை 16,500 பவுண்டு.

எம்ஜி என்றால் ஊரில் ஓடும் ஹெக்டர் கம்பெனிதானே?

பெயர் அதுவேதான், ஆட்கள் வேறு. ஆக்ஸ்ஃபோர்டில் மோரிஸ் கராஜஸ் என்ற கடையில் செசில் கிம்பர் என்பவர் 1920களில் தொடங்கியது இது. அந்தக் கடையின் முதலெழுத்துகள்தான் எம்ஜி. அப்புறம் அபிங்டன் என்ற சின்ன ஊருக்குப் போய், அங்கேயே பல பத்தாண்டுகள் ஸ்போர்ட்ஸ் கார்களாகச் செய்து தள்ளினார்கள். எம்ஜிபி 1962இல் வந்தது. சிட் எனவர் தலைமையில் செய்தார்கள், பாடியை வரைந்தவர் டான் ஹேட்டர். 1980 அக்டோபரில் கடைசி கார் வெளியே வந்தது, அதே மாதம் ஆலையையும் மூடினார்கள். அதற்குள் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்திருந்தார்கள். எம்ஜி என்ற பெயர் கை மாறி மாறி இப்போது சீனாவின் எஸ்ஏஐசியிடம் இருக்கிறது. ஹெக்டர் அந்தக் கையிலிருந்து வந்தது.

‘முழுக்க ரெஸ்டோர் செய்தது’ என்று எல்லோரும்தான் போடுகிறார்கள். நீங்கள் உண்மையில் என்ன செய்தீர்கள்?

அந்த வார்த்தையை நம்பி நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

இதற்கு முன் ஒரு 1965 எம்ஜிபி வாங்கினேன். விளம்பரத்தில் இதே வார்த்தைதான். பெயிண்டில் முகம் பார்க்கலாம். வாங்கி ஏழு மாதம் கழித்து, பின்சக்கரத்தைக் கழற்றலாம் என்று ஜாக்கி வைத்துத் தூக்கினேன். சக்கரம் எழும்பவில்லை, ஜாக்கிதான் உள்ளே போனது. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதிக்கு சில் என்று பெயர். அது நசுங்கி வாயைப் பிளந்துவிட்டது. உளியை எடுத்துச் சுரண்டினேன். முதலில் பெயிண்ட். அப்புறம் விரல் கனத்துக்குப் பட்டி. அதற்குப் பின்னால் கோழிக்கூண்டுக் கம்பிவலை. அதற்கும் பின்னால் சுருட்டித் திணித்த செய்தித்தாள். வெளியே எடுத்து விரித்தால் குதிரைப் பந்தய முடிவுகள், இன்னும் படிக்கும்படியாக.

சில்லில் பட்டி பூசினால் என்ன, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் காருக்கு லாரி, ஜீப் மாதிரி அடியில் தனிச் சட்டம் கிடையாது. பாடிதான் சட்டம். மேலே கூரையும் இல்லை. நடுவில் முறிந்துவிடாமல் காரைத் தாங்குவது இரண்டு பக்கச் சில்லும், இரண்டு இருக்கைகளுக்கு நடுவே மேடாக ஓடும் டனலும்தான். சில் என்பது ஒற்றைத் தகடும் அல்ல. உள் தகடு, நடுத் தகடு, வெளித் தகடு என மூன்று அடுக்கு, அடியில் அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஒரு பட்டை. வெளியே தெரியும் தகட்டை மட்டும் மாற்றிவிட்டு, இன்னும் மோசமாகப் பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டைக் கவிழ்த்து வெல்டு வைத்துவிட்டு, ‘சில் புதுசு’ என்று பில் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

இப்போது விற்கும் காருக்கு வருகிறேன். 2017இல் வாங்கி 2022இல் முடித்தேன். கலிஃபோர்னியாவில் ஓடிய கார், அங்கே பெரும்பாலான இடங்களில் பனியை உருக்கச் சாலையில் உப்பு போடுவதில்லை, அந்த உப்புதான் காரைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் இடது சில் ஆலையில் வைத்ததே இன்னும் இருக்கிறது, அதில் கை வைக்கவில்லை. வலது பக்கம் எப்போதோ இடித்து, அரைகுறையாக ஒட்டியிருந்தார்கள். அந்தச் சில்லின் மூன்று அடுக்கையும் அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். அறுக்கும் முன் கதவு திறக்கும் இடத்தில் குறுக்கே இரும்புக் குழாய் வெல்டு செய்து இறுக்கிக்கொண்டோம். அப்படிச் செய்யாமல் அறுத்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. முன்விங்கையும் (முன்சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) கழற்றவோ அதன் கீழ்முனையை வெட்டவோ வேண்டும், ஏனென்றால் சில் அதற்குள்ளேயும் ஓடுகிறது. விங்கைத் தொடாமலே சில்லை மாற்றினோம் என்று யாராவது சொன்னால் அதைப் பாதி வேலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவை போக, ஓட்டுநர் பக்கத் தரைத் தகடும் இருக்கைக்குப் பின்னால் உள்ள இரண்டு பாட்டரிப் பெட்டிகளும் புதிது. பாட்டரி ஆசிட் கலிஃபோர்னியாவிலும் ஆசிட்தானே. ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் இருக்கிறது, மொத்தம் 214. வெல்டின் மேல் பெயிண்ட் விழும் முன் எடுத்த படங்களை முதலில் கேளுங்கள். வேறு எங்கே கார் பார்க்கப் போனாலும் அந்தப் படங்களைத்தான் கேட்க வேண்டும். பளபளக்கும் படங்களை யாரும் எடுக்கலாம்.

காந்தம் கொண்டுவந்து ஒட்டிப் பார்க்கலாமா?

தாராளமாக. ஆனால் பெயிண்டைக் கீறாமல் இருக்க ஒரு துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். சில், விங்கின் கீழ்ப்பகுதி, கதவின் அடிவிளிம்பு, பின்சக்கர வளைவு என எல்லா இடத்திலும் பிடிக்கும். பானெட்டில் மட்டும் ஒட்டாது. பதற வேண்டாம், அந்த ஆண்டுக் கார்களுக்கு பானெட் அலுமினியம். போன மாதம் வந்த ஒருவர் அங்கே வைத்துப் பார்த்துவிட்டு, முழுக்கப் பட்டி என்று முடிவுகட்டி, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அவர் இதைப் படிக்கிறார் என்றால் மறுபடி வரலாம்.

காந்தம் இல்லாதவர்கள் கதவிடுக்கைப் பாருங்கள். கதவின் பின்விளிம்புக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

சேஸிஸ் எண்ணில் ‘எல்’ என்று இருக்கிறதே, ஸ்டியரிங் எந்தப் பக்கம்?

இப்போது வலது பக்கம். பிறந்தபோது இடது பக்கம். எண் ஜிஎச்என்3எல் என்று தொடங்கும். ஜி என்றால் எம்ஜி, எச் என்பது இன்ஜின் அளவைக் குறிக்கும் எழுத்து, என் என்றால் இரண்டு இருக்கைத் திறந்த கார், 3 என்பது அந்த வரிசை, எல் என்றால் இடது பக்க ஸ்டியரிங். எம்ஜிபிகளில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குத்தான் போயின. துருப்பிடிக்காத பாடி வேண்டும் என்பதற்காக அங்கிருந்து நிறையக் கார்கள் திரும்ப இங்கே வந்திருக்கின்றன.

வலது பக்கம் மாற்ற ஸ்டியரிங் ராக், டாஷ்போர்டுத் தகடு, பெடல் பெட்டி எல்லாம் வேறு வேண்டும். ஹெட்லைட்டையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் டிம் போட்டால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எல்லாம் முறையாகச் செய்தேன். ஆனால் இங்கிலாந்திலேயே விற்ற வலது பக்கக் காருக்கு மதிப்பு கொஞ்சம் கூடுதல், என் விலையில் அதைக் கழித்துத்தான் போட்டிருக்கிறேன்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் இந்தக் காருடையவைதானா?

இன்ஜின் ஆம். 18ஜிபி வகை, கிராங்க் ஷாஃப்டை ஐந்து பேரிங் தாங்கும். கேடனில் உள்ள மோட்டார் மியூசியம் பழைய ஆலைப் பதிவேடுகளைப் பார்த்து ஹெரிடேஜ் சான்றிதழ் தருகிறது. அதில் உள்ள எண்ணும் இன்ஜின் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றே. சான்றிதழில் கார் எந்த நாட்டுக்குப் போனது, என்ன நிறத்தில் போனது என்பதும் இருக்கும். நிறம் அன்றும் டார்ட்டன் ரெட்தான்.

கியர்பாக்ஸ் இந்தக் காருடையது அல்ல. மேலே சொன்னேனே, செய்தித்தாள் கார், அதிலிருந்து வந்தது. பாடி குப்பையாக இருந்தாலும் அதன் வயிற்றில் நல்ல ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் இருந்தது. இந்தக் காரில் முதலில் ஓவர்டிரைவ் இல்லை. அங்கிருந்து எடுத்து, பிரித்து, பேரிங் மாற்றி இங்கே பொருத்தினேன். அசல் பெட்டியும் கராஜில் இருக்கிறது, காருடன் தருகிறேன்.

ஓவர்டிரைவ் அவ்வளவு முக்கியமா?

மோட்டார்வேயில் போவதாக இருந்தால் மிக முக்கியம். டாப் கியரில் ஆயிரம் சுற்றுக்கு 18 மைல் வேகம்தான் கிடைக்கும். அதாவது 70 மைல் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 3,900 சுற்று கத்திக்கொண்டே வரும். டாஷ்போர்டில் ஒரு சின்ன சுவிட்ச், அதைத் தட்டினால் கிளட்சை மிதிக்காமலே 3,100க்கு இறங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது அப்போதுதான் காதில் விழும். மூன்றாவது, நான்காவது கியரில் மட்டும் வேலை செய்யும்.

முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர் மாற்றும்போது சுற்றும் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு) கிடையாது. அது 1967 கடைசியில் வந்த மாடலில்தான் வந்தது. கார் முழுதாக நிற்காமல் முதல் கியர் போட்டால் கரகரவென்று கத்தும். நின்ற பிறகும் சிலசமயம் அடம்பிடிக்கும். ஒரு கை இரண்டாவது கியரைத் தொட்டுவிட்டு முதலுக்குத் தள்ளினால் வெண்ணெய் மாதிரி விழும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

வேறென்ன மாற்றியிருக்கிறீர்கள்?

அந்தக் காலத்தில் பாட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் பாடியில் கட்டினார்கள். போன் சார்ஜர் போட்டால் புகைதான் வரும். அதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றினேன், ஆர்பிஎம் மீட்டரின் உள்ளேயும் மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. டைனமோ அப்படியே இருக்கிறது. இரண்டு 6 வோல்ட் பாட்டரிக்குப் பதில் ஒரே 12 வோல்ட். சிலிண்டர் ஹெட்டில் கெட்டியான எக்ஸாஸ்ட் வால்வ் சீட் போட்டாயிற்று, அதனால் ஈயம் சேர்க்காத பெட்ரோலுக்குப் பயமில்லை. ஹீட்டர் 1966இல் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள், இந்தக் காரில் இருக்கிறது, சுமாராகச் சுடும்.

எந்தப் பெட்ரோல் போடுவது? எவ்வளவு குடிக்கும்?

சூப்பர். 2021இலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து விழுக்காடு வரை எத்தனால். பழைய ரப்பர்க் குழாய்களையும் சீல்களையும் அது தின்றுவிடும். சூப்பர் பம்பில் இ5 கிடைக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன், இருந்தாலும் நான் இ10 போட்டதில்லை. கேலனுக்கு 26 மைல் தருகிறது, அதாவது லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

சாலை வரி, எம்ஓடி, லண்டன் கட்டணங்கள்?

நாற்பது வயது தாண்டிய கார் என்பதால் வரி இல்லை. ஆனால் ஆண்டுதோறும் பதிவு செய்துகொள்ள வேண்டும். கார் கை மாறும்போது என் பெயரில் உள்ள வரிப்பதிவு உங்களுக்கு வராது, உங்கள் பெயரில் புதிதாக எடுத்த பிறகுதான் ஓட்ட முடியும். எம்ஓடி, அதாவது கார் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் சோதனை, கட்டாயமில்லை. நான் ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொண்டுதான் இருக்கிறேன், சீட்டுகள் கோப்பில் உள்ளன. புகை அதிகம் விடும் கார்களுக்கான லண்டன் யூலெஸ் கட்டணம் இல்லை, நெரிசல் கட்டணம் உண்டு. இன்சூரன்ஸ் எடுக்கும்போது காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதி வாங்கும் பாலிசியாக எடுங்கள். சாதாரணப் பாலிசியில் எடுத்துவிட்டு விபத்தானால், ஐம்பது வருஷப் பழைய காருக்கு என்ன விலை என்று அவர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள்.

தினமும் வேலைக்கு ஓட்டலாமா?

ஓட்டலாம். நான் ஓட்டமாட்டேன். மழையில் கண்ணாடியின் மேல்மூலையில் நீர் கசியும், புதுத் துணிக்கூரை போட்டும் நிற்கவில்லை. பவர் ஸ்டியரிங் கிடையாது, நிறுத்துமிடத்தில் தோள்வலி நிச்சயம். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம், ஆனால் மிதிக்கு உதவும் சர்வோ இல்லை. புதுக் காரிலிருந்து நேராக இதில் ஏறினால் முதல் சிக்னலில் பிரேக்கே பிடிக்கவில்லை என்று தோன்றும். பிடிக்கும், அழுத்தி மிதிக்க வேண்டும்.

உதிரிப் பாகங்கள் கிடைக்கின்றனவா?

இந்த ஒரு விஷயத்தில் எம்ஜிபியை அடிக்க ஆளில்லை. கதவு ரப்பரிலிருந்து கிராங்க் பேரிங் வரை இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய ஆலையின் அச்சுகளையே வைத்து 1988இலிருந்து முழு பாடியையே புதிதாக அடித்துத் தருகிறது. கார் நின்று எட்டு வருஷம் கழித்து!

ஸ்போக்ஸ் வீல் தொந்தரவு என்கிறார்களே?

கொஞ்சம் தொந்தரவுதான். ஒவ்வொன்றிலும் அறுபது கம்பி, துடைக்க அரை நாள் ஆகும். கம்பி துளைகள் வழியே காற்று போகும் என்பதால் டயருக்குள் டியூப் வேண்டும். சக்கரத்தைப் பிடித்திருப்பது நடுவிலுள்ள காது வைத்த ஒரே நட்டு, அதைச் சுத்தியலால் அடித்துத்தான் கழற்ற வேண்டும். காரின் இடது பக்கம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கழலும், வலது பக்கம் கடிகாரத் திசையில். தெரியாமல் வலது பக்கத்தை எதிர்த்திசையில் அடித்து மேலும் இறுக்கியவர்களில் நானும் ஒருவன். தாமிரத் தலைச் சுத்தியல் டிக்கியில் இருக்கிறது.

விலையைக் குறைப்பீர்களா?

கொஞ்சம். பில்களைக் கூட்டினால் இந்தக் காருக்கு நான் செலவழித்தது 16,500ஐத் தாண்டுகிறது, என் உழைப்பைச் சேர்க்காமலே. அந்த நட்டத்தை உங்கள் தலையில் கட்டப் பார்க்கவில்லை. ரெஸ்டோர் செய்தவனுக்குக் காசு திரும்புவதில்லை, தெரிந்தேதான் இறங்கினேன். ஆனால் பார்க்காமலே போனில் ‘கடைசி விலை என்ன’ என்று கேட்பவர்களுக்குப் பதில் போடமாட்டேன்.

குறைகளை நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரு ராத்திரி நின்றால் தரையில் இரண்டு சொட்டு எண்ணெய் விடும். பெட்ரோல் முள் கால் டேங்க் காட்டும்போது உள்ளே அரை டேங்க் இருக்கும். இடது பின்விங்கில் நகக்கண் அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறது, தொட்டுப் பூசியது வெயிலில் தெரியும். பின்பக்க சாக் அப்சார்பர் ஒன்று கசியத் தொடங்கியிருக்கிறது, புதியது வாங்கி வைத்திருக்கிறேன், விற்பதற்குள் மாற்றிவிடுவேன். துணிக்கூரையைச் சொல்லிவிட்டேன்.

எப்போது வந்து பார்க்கலாம்? என்ன கொண்டு வருவது?

காந்தம், டார்ச், தரையில் படுத்துப் பார்க்கப் பழைய சட்டை. ஜாக்கியும் ஸ்டாண்டும் என்னிடம் இருக்கின்றன. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், சில் எப்படி என்று அதுவே சொல்லிவிடும்.

முக்கியமாக, இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். விற்பவர் நீங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகப்படலாம். இங்கே வந்ததும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் ஒரு நிமிஷம் காது கொடுங்கள். வலது பின்சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து டிக் டிக் டிக் என்று பல்லி மாதிரி சத்தம் வரும். அது எஸ்யூ பெட்ரோல் பம்ப். கார்புரேட்டர் நிரம்பியதும் தானாக நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் எங்கோ ஒழுகுகிறது. அதற்குப் பிறகு சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் முள்ளைப் பாருங்கள். சூடான பிறகும் இருபதுக்குக் கீழே இறங்காது, ஓட்டத்தில் அறுபதில் நிற்கும்.

ஓட்டிப் பார்க்க உங்கள் இன்சூரன்ஸ் வேண்டும், ஒரு நாள் பாலிசி போதும். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார், சைலன்சர் சத்தம் கொஞ்சம் தாராளம்.